பொழுது சாய்ந்தால் திறக்கும் கூரை

தனசேகர் போய்விட்டார் என்று அவர் மனைவி கமலா தொலைபேசியில் சொன்னபோது குரலில் அழுகையே இல்லை. பாண்டிச்சேரியில் மகள் வீட்டில் காலையில் மூச்சு நின்றிருக்கிறது. மதியத்துக்குள் மரக்காணம் வீட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னவர், கூடவே இன்னொன்றும் சொன்னார். "அண்ணே, நீங்க முன்னாடியே போயி கொல்லையில அந்தப் பொட்டியோட பியூஸைப் புடுங்கிடுங்க. ஜனங்க ஒக்காந்திருக்கும்போது அது பாட்டுக்குத் தொறந்துக்கப் போவுது."

நம் வானம் பார்க்கும் குழுவில் அந்தத் தொலைநோக்கிப் பெட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. அது ஏன் திறந்தது என்பது மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

தொலைபேசி இணைப்பகத்தில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்கு இழுப்பு நோய். பனியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னதும் நான் தொலைநோக்கியை விற்றுவிடச் சொன்னேன். "பனி என்னைத்தானப்பா புடிக்கும், டெலஸ்கோப்பை ஒண்ணும் பண்ணாதே" என்றார். அது கொல்லையில் இருக்கும், அவர் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார். வெளியூர் போனாலும் போன் லைன் வழியாகவே திறந்து, திருப்பி, மூடலாம். மனுஷன் அப்படி ஒரு பிடிவாதம்.

பெட்டியின் கூரைதான் தொல்லை கொடுத்தது. முதலில் தகரம் போட்டார். ஒரே மழைக்காலத்தில் உப்பளக் காற்று அதைச் சல்லடை ஆக்கிவிட்டது. "உப்புக் காத்துகிட்ட இரும்பு வாய் குடுத்தா தோத்துத்தான் போவும்" என்று சிரித்தார். சுனாமிக்குச் சில மாதங்கள் கழித்து, உப்பளக் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பைபர் படகின் முன்பாதி அவர் கண்ணில் பட்டது. துருப்பிடிக்காது, ஒழுகாது, செலவில்லை.

படகுக்காரர் அலையோடு போனவர். உடல் கிடைக்கவில்லை. குப்பத்தில் இருந்த அவர் மனைவி அஞ்சலை, கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "கவுத்து மட்டும் போடாதீங்க சார். ஆளு திரும்பாத படகைக் கவுத்தா, வரமாட்டாருன்னு நாமளே முடிவு கட்டின மாதிரி." தனசேகர் தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

கூரையைக் கவிழ்க்காமல் எப்படிப் போடுவது? ஒரு பக்கம் கீல் வைத்து, காரின் வைப்பர் மோட்டாரில் கம்பி கட்டி இழுக்க விட்டார். மூடினால் படகு கவிழ்ந்து தொலைநோக்கியை மூடிக்கொள்ளும். திறந்தால் பின்னால் சாய்ந்து இரண்டு பழைய டயர்மேல் நிமிர்ந்து உட்காரும். எவ்வளவு மழை அடித்தாலும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

மாட்டிய சில நாளிலேயே அது தானாகத் திறக்க ஆரம்பித்தது. பொழுது சாயும்போது மட்டும்தான். உப்பு ஈரம் சுவிட்சில் ஏறிக் கரண்ட் தாவுகிறது என்று நான் பெரிய மேதாவியாட்டம் சொன்னேன். சுவிட்சை டிபன் பாக்ஸில் வைத்து மெழுகு ஊற்றி அடைத்தோம். மறுநாள் சாயங்காலமும் படகு நிமிர்ந்து கிடந்தது. அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஏம்பா, ஈரம் விடியக்காலையிலதான ஜாஸ்தி? அப்போ ஏன் தொறக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். பதில் தெரியாத எரிச்சலில் நான் அவரைத் திட்டினேன்.

பிறகு அவரே குப்பத்துக்குப் போய் அஞ்சலையிடம் படகைக் கவிழ்த்ததை ஒப்புக்கொண்டார். அஞ்சலை கோபப்படவில்லையாம். தன் புருஷன் பொழுது சாயும்போதுதான் வலை விடக் கிளம்புவார், அந்த நேரத்துக்கு மட்டும் நிமிர்த்தி வைத்தால் போதும் என்றாராம். அதிலிருந்து தினமும் தனசேகரே திறந்தார். மழை நாளில் தொலைநோக்கிக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டுத் திறந்தார். பாண்டிச்சேரியில் மூச்சிரைத்துக் கிடந்தபோது போன் லைன் வழியாகத் திறந்தார். நட்சத்திரத்தின்மேல் என்ன பித்து என்று நீங்களெல்லாம் வியந்தீர்கள். அவர் அந்த நேரத்தில் வானத்தைப் பார்க்கவே இல்லை.

அவர் இறந்த அன்றைக்கு, கமலா சொன்னபடி நான் போய் பியூஸைப் பிடுங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வெயில் இறங்கிய நேரம், கொல்லையில் கம்பி இழுபடும் சத்தம் கேட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். எழுந்து போனேன். படகு நிமிர்ந்திருந்தது. மின்வெட்டுக்காக வைத்த பேட்டரியாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பார்த்தால், அது எப்போதோ செத்துப்போயிருந்தது, அவர் கையாலேயே ஒயரைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பியூஸ் உள்ளேயேதான் இருந்தது.

துக்கத்துக்கு வந்திருந்த அஞ்சலை என் பின்னாலேயே வந்து நின்றார். படகின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சாரு போயிட்டாரு. அங்க எங்க வூட்டுக்காரரைப் பாத்தா, நான் இனிமே காத்துட்டு இருக்கலன்னு சொல்லிடுவாரு. ஒரு கை புடிங்கண்ணே, கவுத்துடலாம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தோம். அதன் பிறகுதான் அந்த அம்மா அழுதார்.

தொலைநோக்கி அங்கேயே இருக்கிறது. நம்மில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கமலா சொல்கிறார். பியூஸை நான்தான் திரும்ப மாட்டினேன். சுவிட்சுக்கு இப்போது மெழுகும் இல்லை, டிபன் பாக்ஸும் இல்லை. காற்று அதே உப்புக் காற்றுதான். ஆனால் கூரை ஒருநாள்கூடத் தானாகத் திறக்கவில்லை. தனசேகரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது பொழுது சாயும்போது அந்தக் கொல்லையில் போய்க் கொஞ்ச நேரம் நிற்கும் பழக்கம். அப்போதெல்லாம் திறக்கிறதே என்று பயந்தேன். இப்போது திறக்கவில்லையே என்று கம்பி இழுபடும் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கிறேன்.