நேரில் வந்த விண்ணப்பதாரர்

அகில உலகமும் அறிய வேண்டிய அதிமுக்கிய அறிவிப்பு: கீழே வருவது முழுக்க உண்மை. மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் நான்காம் கவுண்ட்டரில், பட்டப்பகலில், அலுவலக நேரத்துக்கு உட்பட்டு நடந்தது.

அங்கே உட்கார்ந்திருந்த சரிபார்ப்பு அதிகாரிக்கு சக ஊழியர்கள் வைத்த பெயர் 'ரூல்ஸ்'. அதையும் விருதாக எடுத்துக்கொண்டு பூரித்துப்போன மனிதர் அவர். மாதாமாதம் பணம் கட்டும் அட்டைக்காரர்களுக்கு அறுவை சிகிச்சை ஒப்புதல் கைப்பேசியிலேயே போய்ச் சேர்ந்துவிடும். இலவச அட்டைக்காரர்கள் மட்டும் நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும். ஏழை என்றால் ஆள் மாறாட்டம் செய்வான் என்பது மேலிடத்தின் கணிப்பு.

காலை 10.30. பெயின்டர் ஒருவனின் அக்கா மூன்றாவது முறையாக வந்து நின்றாள். தம்பிக்கு இதய வால்வு கெட்டுவிட்டது, ஒப்புதல் வராமல் ஆஸ்பத்திரியில் கத்தியைத் தொடமாட்டார்கள், எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு முட்டுகிறது என்று ஒப்பித்தாள். அழுகை போன வாரமே தீர்ந்திருந்தது.

"ஆளு நேர்ல வரணும்மா" என்றார் ரூல்ஸ். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

பிற்பகல் 3.44. கூடம் காலி. கண்ணாடிக் கதவைத் திறந்தால் 'டிங்' என்று மணி அடிக்கும். அடிக்கவில்லை... ஆனால் எதிரே ஓர் ஆள் நின்றான். ஆஸ்பத்திரி அங்கி. நகக்கண்ணில் நீலப் பெயின்ட். எட்டிப் பார்த்தார். வெறுங்கால். கால் கட்டைவிரலில் நூலால் கட்டிய அட்டை. புது மாதிரி டோக்கன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"நேர்ல வரச் சொன்னீங்களாம்."

"நடக்க முடியுதுல்ல? உங்கக்கா என்னமோ படுத்த படுக்கைன்னாங்க."

"இப்ப முடியுது சார்."

உழைத்துத் தேய்ந்த விரல்களை அந்த ரேகை இயந்திரம் நாலைந்து முறை துப்பிவிட்டுத்தான் ஏற்கும். வழக்கம்போல் ரூல்ஸே அவன் விரலைப் பிடித்து அழுத்தினார்.

பீப்.

முதல் தடவையே...

3.46. ஒப்புதலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

யாரும் இல்லை.

மணியும் அடிக்கவில்லை.

நல்ல செய்தியைத் தானே சொல்லிவிடலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டார். சொன்னார்.

"எத்தனை மணிக்கு வந்தான் சார்?"

"மூணே முக்காலுக்கு."

"பன்னெண்டு இருபதுக்கே போயிட்டான் சார். பிணவறையில வச்சிருக்காங்க."

பதிவைத் திறந்து பார்த்தார். ரேகை நூறு சதவீதம் பொருந்தியிருந்தது. அவனைத் தொட்ட விரல்களில் அவருக்கு இன்றுவரை சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை.

ஒப்புதல் முப்பது நாளைக்குச் செல்லும்.