வெர்னர் ப்ராஸ்க் பார்த்த இரண்டாவது கோல்

1992 ஜூன் 26 அன்று டென்மார்க்கில் ஐரோப்பியக் கோப்பை கால்பந்து இறுதி மேட்ச் பார்க்காத ஆளே கிடையாது என்பார்கள். சுத்தப் பொய். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஐரோப்பிய ஒப்பந்தம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருந்தோம். கிட்டத்தட்ட பாதிப்பேர் வேண்டும் என்றுதான் போட்டார்கள். அடுத்த மாதம் அதில் ஒருத்தனைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊர் ஜெயித்தால் எல்லாரும் முதல் வரிசையில் நின்றவர்கள்தான்.

வெர்னர் ப்ராஸ்க் அந்த ரகத்தில் மகா ஆள். தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். ஒடென்ஸே நகர ஓரத்தில் ஆளுக்கொரு துண்டுத் தோட்டமும் குடிசையும் வாடகைக்குத் தரும் எங்கள் தோட்டச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவன். வேறு யாரும் அந்தப் பதவியைச் சீண்டவில்லை, அவ்வளவுதான். வேலி உயரத்தைக் குச்சி வைத்து அளப்பான். தோட்டத்துக்குத் தோட்டம் கம்பத்தில் பறக்கும் தேசியக் கொடி விஷயத்தில் இன்னும் மோசம். சூரியன் மறையும்போது கொடி இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் வந்தால் தோட்டம் போச்சு.

எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வந்திருந்தது. என் கணவன் பாலே கப்பல் பட்டறையில் நுரையீரலைத் தொலைத்தவன். அடுக்குமாடி வீட்டில் இரவெல்லாம் இருமுவான். தோட்டத்துக் குடிசையில் மட்டும்தான் தூங்குவான். அது போனால் அவனும் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும்.

இறுதி ஆட்டத்தன்று சங்க மண்டபத்து டெலிவிஷன் முன்னால் எல்லாரும் கூடினோம். அடைசல் தாங்காமல் பாலே ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டான். ஜெர்மனிக்காரர்களை இரண்டுக்குப் பூஜ்யம் என்று அடித்தோம். தகுதிச் சுற்றிலேயே தோற்று, போரால் விலக்கப்பட்ட யூகோஸ்லாவியாவுக்குப் பதிலாகப் போன அணி! அழுதோம், கட்டிப்பிடித்தோம். கொடியை யார் நினைத்தார்கள்? எங்கள் கொடி இருட்டிலும் பறந்தது.

கோடை முழுக்க வெர்னர் அந்த இரண்டாவது கோலைப் பற்றியே பேசினான். பீர் வாங்கிக் கொடுத்தால் நாற்காலியை நகர்த்திவைத்து நடித்தும் காட்டுவான். "கம்பத்துல பட்டு உள்ள போச்சு பாரு, எனக்கு மூச்சே நின்னுடுச்சு!" ஆகஸ்டில் எங்களுக்கு மூன்றாவது கடிதம் வந்தது.

செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். வெர்னர் தொண்டையைச் செருமி நோட்டைத் திறந்தான்.

"இருபத்து மூணாம் நம்பர் தோட்டம். ஜூன் இருபத்தாறு, மேட்ச் அன்னிக்கு. சூரியன் மறைஞ்சும் கொடி இறங்கல. அவசரப்பட்டு எழுதினேன்னு யாரும் சொல்லக் கூடாது. மறையறதுக்கு அரை மணி முன்னாடியே போய் அவங்க வேலிப் பக்கத்துல நின்னேன். ஒரு நிமிஷம்கூட நகரல."

எச்சரிக்க வந்து நிற்கவில்லை. மாட்டுவோமா என்று நின்றிருக்கிறான்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன்.

"நகரவே இல்லியா வெர்னர்?"

"இல்ல."

"அப்போ ரெண்டாவது கோலை எங்கேருந்து பாத்தே? அது விழுந்து கால் மணி கழிச்சுத்தானே சூரியன் மறைஞ்சுது. எங்க வேலியில டெலிவிஷன் இருக்கா என்ன?"

கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. வெர்னரின் கழுத்து சிவந்தது. நோட்டைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பத்தொன்பது வருடம் ஒரு வரி அடித்துத் திருத்தாத மனிதன்.

"நேரத்தைத் தப்பா எழுதியிருப்பேன்," என்றான் கடைசியில். "கோலை நான் பாத்தேன்." பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். தோட்டம் பிழைத்தது. இந்த மாதிரி ஆளைத்தான் இத்தனை வருடம் பயந்து கும்பிட்டோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வரும் வழியில் பாலேயிடம் கொக்கரித்தேன். "மூஞ்சியைப் பாத்தியா? தேசமே பாத்த கோலை அந்தப் பய பாக்கல! நாமெல்லாம் கண்ணால பாத்தோம்!"

பாலே நின்று மூச்சு வாங்கினான். "நீ எங்க பாத்தே? நீ அப்போ பீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தே. சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தே."

"அதை யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே," என்றேன்.