வாசலில் குரல் கொடுக்காதவர்கள்

ஜாக்மெல் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று "ஒனே" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து "ரெஸ்பே" என்று பதில் வந்த பிறகுதான் படியேறலாம். கதவு விரியத் திறந்து கிடந்தாலும் சரி, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நின்றாலும் சரி, பதில் வராமல் உள்ளே கால் வைக்கிறவன் ஒன்று திருடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

கிளெர்மீஸ் பஸலேக்கு அறுபத்திரண்டு வயது. கடலை நோக்கி இறங்கும் தெருவில், இரும்புக் கம்பி வைத்த பால்கனியோடு, ஏழு அறை கொண்ட ஹோட்டல் அவளுடையது. எந்தக் காலத்திலோ ஒரு காப்பி வியாபாரி கட்டிய வீடு. தாத்தா வாங்கினார், அப்பா பெயர்ப்பலகை மாட்டினார், அம்மா சமைத்தாள், கிளெர்மீஸ் பன்னிரண்டு வயதிலிருந்து வாசல் மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு "ரெஸ்பே" சொன்னாள். கல்யாணப் பேச்சு ஒன்று வந்தபோது ஈஸ்டர் கூட்டம் அறை கொள்ளாமல் இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

குரல் கொடுக்காமல் உள்ளே வர உரிமை உள்ளவர்கள் ஒரு காலத்தில் நாலு பேர் இருந்தார்கள். அப்பா இறந்தார். அண்ணன் சிலி நாட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே மண்ணுக்குள் போனான். அம்மா இறந்தாள். மிச்சம் இருந்தவள் தங்கை கெத்தெலி. அவளும் இந்த வாசலை மிதித்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குக் காரணம் கிளெர்மீஸின் நாக்கு.

அம்மாவின் சாவு கார்னிவல் சமயத்தில் வந்தது. சாவுக்கு நேரங்காலம் தெரிகிறதா? ஏழு அறையில் ஆறில் ஆட்கள். அம்மாவை அவள் அறையில் கிடத்திவிட்டு, கீழே வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, இரண்டு நாளாகக் கண்ணை மூடாமல் கிளெர்மீஸ் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். வெளியூர்க்காரர் யார் தங்கினாலும் போலீஸுக்காக ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு நிழல் மேஜை முன்னால் வந்து நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டை அந்தப் பக்கம் தள்ளினாள்.

"பேரு, எந்த ஊரு, எத்தனை நாளு?"

நிழல் பேனாவை எடுத்து எழுதியது. நோட்டு திரும்பி வந்தபோதுதான் கிளெர்மீஸ் படித்தாள். பெயர்: கெத்தெலி பஸலே. ஊர்: சாந்தோ தொமிங்கோ. வந்த காரணம்: அம்மாவைப் புதைக்க. நாட்கள்: ஒன்று.

நிமிர்ந்து பார்த்தால், நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வீட்டு வேலை செய்து பிழைக்கிற தங்கை, இரண்டு நாள் படகிலும் லாரியிலும் அடிபட்டு வந்து உப்புப் பூத்த பாவாடையோடு நிற்கிறாள்.

"ஐயோ, கெத்தெலி, நான் பாக்கல. சத்தியமா பாக்கல."

"பரவால்ல மதாம். சாவி குடுங்க."

அவ்வளவுதான். கூடப்பிறந்த அக்காவை, ஹோட்டல்காரியைக் கூப்பிடுகிற மாதிரி மதாம் என்றாள். கெத்தெலி அழவில்லை, சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலாம். அடுத்த நாள் அம்மாவைப் புதைத்த கையோடு படகுத்துறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கிளெர்மீஸ் போன் செய்தபோதெல்லாம் "சொல்லுங்க மதாம்" என்றாள். ஒரு நாள் அந்த நம்பரும் வேலை செய்யாமல் போனது. எல்லைக்குப் போய் வருகிற படகுக்காரனிடம் "வீட்டுக்கு வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். பத்து நாள் கழித்து அவன் பதிலோடு வந்தான்: "ரூம் காலியா இருக்கான்னு கேட்டுச் சொல்லுன்னாங்க."

நாலாம் நம்பர் அறையில்தான் அக்காவும் தங்கையும் பிறந்தார்கள். கெத்தெலி போன நாளுக்குப் பிறகு கிளெர்மீஸ் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. கார்னிவல் நெரிசலில் பாரிஸிலிருந்து வந்த ஒருவர் கெஞ்சியபோதும் "கூரை ஒழுகுது" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். தங்கை இனி சாவி கேட்கக் கூடாதென்று அந்த அறைக் கதவின் பூட்டையே கழற்றி எடுத்துவிட்டாள்.

அப்புறம் அறை கேட்கவே ஆள் இல்லாமல் போனது. தலைநகரிலிருந்து வரும் ரோடு துப்பாக்கிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. பஸ் நின்றது, வெளிநாட்டுக்காரர்கள் நின்றார்கள், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிட வருகிற வக்கீல்களும் நின்றார்கள். சமையல்காரி தன் மகளோடு மலைக்குப் போனாள். நோட்டில் கடைசியாக எழுதப்பட்ட பெயர் பதினான்கு மாதம் பழசு. ஆனாலும் கிளெர்மீஸ் சனிக்கிழமை தவறாமல் ஏழு அறையிலும் விரிப்பு மாற்றினாள். மாற்றாமல் விட்டால் வீடு மூடிப்போனதாக ஆகிவிடும் என்று பயந்தாள்.

காலையில் காப்பி போட்டதும் இறந்தவர்களுக்கு முதல் சொட்டைத் தரையில் விடுவது வழக்கம். அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. விட்டுவிட்டு நிமிரும்போது தினமும் ஒரு பயம் வரும். நாலாவது சொட்டும் விட வேண்டுமோ? உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாத தங்கைக்கு எந்தக் கணக்கில் விடுவது?

வாசலில் தினமும் கேட்கிற ஒரே குரல் எதிர்வீட்டு ரெனோலுடையது. கார்னிவலுக்குக் காகிதக்கூழில் முகமூடி செய்கிறவர். மனைவி இறந்து எட்டு வருடமாகிறது. அவர் பட்டறையில் இடம் இல்லாததால் ஐந்தாம், ஆறாம் அறைகளில் முகமூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. கட்டிலுக்கு ஒரு சிங்கம், ஒரு முதலை, இரண்டு பிசாசு.

"ஒனே."

"ரெஸ்பே. வாங்க ரெனோல்."

"என் ஆளுங்க நல்லாத் தூங்குனாங்களா?"

"முதலை மட்டும் குறட்டை. சிங்கம் புகார் சொல்லுது."

"முப்பது வருஷமா உன் வாசல்ல நின்னு கத்துறேன் கிளெர்மீஸ். ஒரு நாளாவது கத்தாம உள்ள வர விடக் கூடாதா?"

"கத்துறதுக்கு நல்ல தொண்டை இருக்குல்ல, கத்துங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் போனதும் வீடு முன்பைவிட அமைதியானது. ரெனோல் நல்லவர்தான், கேட்டதில் பாதி விளையாட்டு இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் மனது கேட்பது புது ஆளை அல்ல. இந்த வீட்டில் பிறந்த ஒருத்தி, எதுவும் சொல்லாமல், செருப்புச் சத்தத்தோடு நேராக உள்ளே வர வேண்டும். தான் கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை நடந்தால் போதும் என்று தினமும் வேண்டிக்கொண்டாள்.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கிளெர்மீஸ் மேலே பால்கனிக் கம்பியில் ஈர விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பெண் மேடேறி வருவது தெரிந்தது. இடது தோள் சற்றுத் தாழ்ந்த நடை. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த தோள். மரத்தில் ஏற்றிவிட்டதே கிளெர்மீஸ்தான். கடைசி விரிப்பு கம்பிக்குப் போகாமல் கையிலேயே நின்றுவிட்டது.

கெத்தெலி கிழவியாகியிருந்தாள். கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. காலில் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. அந்த மாதம் எல்லையிலிருந்து படகில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள், அடுப்பில் வைத்த சோற்றை இறக்கக்கூட விடாமல், கம்பி போட்ட லாரியில் ஏற்றி, எல்லையில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். முப்பது வருட உழைப்பு அந்தப் பையில் அடங்கியிருந்தது. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை என்பது மாடியிலிருந்தே கிளெர்மீஸுக்குப் புரிந்தது. ஆனால் பஸலே வீட்டுப் பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கதவு திறந்துதான் கிடந்தது. கெத்தெலி படிக்குக் கீழே நின்றுவிட்டாள்.

"ஒனே, மதாம். ரூம் காலியா இருக்கா?"

எதிரே காகிதக்கூழ் கலக்கிக்கொண்டிருந்த ரெனோல் தலையைத் தூக்கினார். ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏழும் காலிதாம்மா. ரெண்டு ரூம்ல மட்டும் என் பிசாசுங்க படுத்திருக்கு."

"ரெனோல், கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றாள் கிளெர்மீஸ் மேலேயிருந்து. அந்தக் குரலைக் கேட்டு அவர் கூழ் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஈர விரிப்போடு கிளெர்மீஸ் கீழே இறங்கினாள். ஐம்பது வருடப் பழக்கத்தில் "ரெஸ்பே" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னால் கெத்தெலி உள்ளே வருவாள், நோட்டில் பெயர் எழுதுவாள், விருந்தாளியாகவே தங்குவாள், விருந்தாளியாகவே போவாள். சொல்லாவிட்டால் இப்படியே திரும்பிக் கடலுக்கு நடப்பாள். அதுவும் செய்யக்கூடியவள்தான். மன்னிப்பு கேட்கலாம் என்றால், போனில் எத்தனை தடவை கேட்டாயிற்று.

மேஜையைத் தாண்டி வாசலுக்கு வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாள் இருப்பாய் என்ற கேள்வி தானாக எழுந்து வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். இந்தப் பாழாய்ப்போன நாக்கை என்ன செய்வது?

பிறகு படியிறங்கித் தெருவுக்கு வந்து, கெத்தெலியின் பக்கத்தில், தோளோடு தோளாக வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"ஒனே" என்றாள், திறந்து கிடந்த தன் வீட்டைப் பார்த்து.

கெத்தெலி பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"இல்ல."

"உள்ள யாரு இருக்கா, உனக்குப் பதில் சொல்ல?"

"யாரும் இல்ல."

"அப்புறம் யாரைக் கூப்புடுற?"

"அம்மா இருந்தா சொல்லுவா. அப்பா சொல்லுவாரு. இப்ப யாரு சொல்லுவான்னு தெரியல கெத்தெலி. ஊருக்கெல்லாம் நான் சொன்னேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்ல. ஒம்பது வருஷமா நானும் இந்த வீட்டுல வாடகைக்கு இருக்குற மாதிரிதான் இருக்கேன்."

விரிப்பிலிருந்து தண்ணீர் சொட்டி இரண்டு பேர் காலையும் நனைத்தது. தெருவில் யாரும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"வெயில்ல எவ்வளவு நேரம் நிக்கிறது" என்று கெத்தெலி முணுமுணுத்தாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பையை இடது கைக்கு மாற்றினாள். முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவதிலும் வைத்தாள். குரல் கொடுக்கவில்லை. ரப்பர் செருப்பு தரையில் அடிக்கிற சத்தம் மேஜையைத் தாண்டி, நோட்டைத் தாண்டி, மாடிப்படி ஏறி, நாலாம் நம்பர் அறை வரைக்கும் போனது. கதவு கிறீச்சிட்டது.

கிளெர்மீஸ் அசையாமல் தெருவிலேயே நின்றாள். கூப்பிட்டுவிட்டுப் பதில் வராமல் எப்படி உள்ளே போவது?

மேலே பால்கனியில் ஒரு விரிப்பு விலகியது. கெத்தெலியின் தலை தெரிந்தது. அழுதிருந்தாள். முகத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"ரெஸ்பே" என்றாள். "உள்ள வந்து தொலை, அக்கா."