பச்சையிலே பறித்த மிளகாய்

லோம்போக் தீவில் முர்னியாவின் கிணற்றடியில் ஏழெட்டு மிளகாய்ச் செடிகள் நின்றன. காய் முழுக்கச் சிவந்து பளபளக்க வேண்டும், லேசாகத் தூக்கினாலே காம்போடு கையில் வர வேண்டும். அதுவரை அவள் ஒன்றையும் தொடமாட்டாள். காய்கள் இன்னும் உறைப்பு ஏறாத பச்சைப் பிஞ்சாக இருந்தபோதே, அவள் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து, கொழுந்தன் சஹ்தான் தன் வீட்டு விருந்துக்கென்று எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போய்விட்டான். பாதிக் கிளைகள் முறிந்து கிடந்தன.

முர்னியா நேரே அவன் வீட்டுக்குப் போனாள். “யாரக் கேட்டுடா பறிச்ச?”

“மிளகாதான அண்ணி? பச்சையோ சிவப்போ, எல்லாம் உறைக்கத்தான போகுது.”

அவள் கையை நீட்டினாள். “அப்படியா? கொண்டா, நானே அரைச்சுத் தரேன்.”

அந்தப் பிஞ்சுகளையே அரைத்தாள். வேறு ஒரு மிளகாயும் சேர்க்கவில்லை. பந்தியில் அவித்த கீரையோடு அதை வைத்தார்கள். சஹ்தானின் மாமனார் ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்ப்பா மாப்ள, புல்ல அரைச்சு வச்சிருக்கியா?”

பந்தியே சிரித்தது. சஹ்தான் முகம் கறுத்து அடுப்படிக்கு வந்தான். “அண்ணி, என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“நீ பறிச்சதத்தான் அரைச்சேன்.”

விஷயம் காதுக்கு எட்டி, மலேசியாவில் வேலை பார்க்கும் அவள் கணவன் போனில் கூப்பிட்டான். “என் தம்பிதான, விட்டுத் தொலையேன்.”

“உன் தம்பின்னா என் செடிய முறிப்பானா?” என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தாள்.

முறிந்த கிளைகளை அறுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். செடிகள் மறுபடி பூத்தன. சஹ்தானோடு மட்டும் அவள் இன்றுவரை பேசவில்லை.