சிலி நாட்டுக்குப் பக்கத்தில் தாழைப்பாக்கம்

சிறுசேரியைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் தாழைப்பாக்கம் வரும். பேருக்குத்தான் ஒரே ஊராட்சி. ரோட்டுக்கு மேற்கே பதினாலு மாடிக் கட்டடங்கள் ஆறு. அதில் தொள்ளாயிரம் குடும்பங்கள். கிழக்கே காலனி; முந்நூறு வீடுகள். மேற்கே இருப்பவர்களுக்குக் கிழக்கே இருப்பவர்களை, வீடு பெருக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் வருகிறவர்களாகத்தான் தெரியும்.

காலனியின் நடுத்தெருவில் இருக்கிறாள் வரலட்சுமி. வயது நாற்பத்தொன்று, படிப்பு பன்னிரண்டாவது. புருஷன் சாலமோன் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் ஷட்டில் வேன் ஓட்டுகிறான். அவளும் எட்டு வருஷம் ஒரு ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். பாத்ரூமுக்குப் போய்வந்த நேரத்தையெல்லாம் குறித்துவைத்துச் சம்பளத்தில் பிடித்தார் சூப்பர்வைசர். அன்றைக்கே கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வாய் நீளம் என்று தெருவில் அவளுக்குப் பெயர். அநியாயத்தைக் கண்டால் அவளுக்கு முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும் என்பான் சாலமோன்.

காலனிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு மருத்துவ வண்டி வந்துகொண்டிருந்தது. சென்னையில் இருக்கும் ஒரு அறக்கட்டளையின் வண்டி அது. சுகர், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை இலவசம். அந்த அறக்கட்டளைதான் ஊராட்சி முழுவதும் வீடுவீடாகக் கணக்கெடுக்க ஆள் தேடியது. வீட்டுக்கு நாற்பது ரூபாய். வரலட்சுமி உடனே சேர்ந்துகொண்டாள்.

நாவலூரில் ஒரு ஹாலில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. திட்டத்துக்குத் தலைமை பாலசுப்ரமணியன் என்பவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்கவேண்டும்; நீங்களாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வரலட்சுமி அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அடுக்குமாடியில் அவளை மேலே விடவில்லை. செக்யூரிட்டி அறையில் நின்றபடி இன்டர்காமில் போன மாத வருமானத்தைக் கேட்டாள். ஒன்றரை லட்சம், ஒன்று எண்பது, ஒன்று இருபது என்று குரல்கள் மட்டும் இறங்கிவந்தன. காலனியில் எல்லா வீட்டிலும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். எதிர்வீட்டுச் சின்னையன் அந்த அடுக்குமாடித் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார். போன மாதம் எவ்வளவு வந்தது என்று கேட்டாள். பதினோராயிரம் என்றார். அதற்கு முந்தைய இரண்டு மாதம் கான்ட்ராக்டர் ஆளைக் குறைத்ததில் காலணாகூட வரவில்லை. அதை எழுத, கணக்கெடுக்கக் கொடுத்திருந்த டேப்லெட் திரையில் இடம் இல்லை. போன மாதத்தை மட்டும்தான் அது கேட்டது. பதினோராயிரம் என்று அழுத்திவிட்டு வந்தாள்.

கணக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதத்தில் மருத்துவ வண்டி நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கோயில் பக்கம் வரிசையில் நின்றவர்கள் மத்தியானம்வரை பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. கடையில் மாத்திரை வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் தினம் போடுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார்கள், பிறகு அதையும் விட்டார்கள்.

சுகர் மாத்திரையை விட்டவர்களில் சின்னையனும் ஒருவர். தோட்டத்தில் முள் குத்திய கால் ஆறவில்லை. கருத்துப்போனபிறகுதான் வீட்டில் சொன்னார். சாலமோன் வேனிலேயே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காலில் இரண்டு விரலை எடுத்தபிறகுதான் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வரலட்சுமி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று நாள் இருந்தாள்.

அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் அறிக்கை வெளியீட்டு விழா. கணக்கெடுத்த ஐந்து பேருக்கும் சால்வை என்று அழைப்பு வந்திருந்தது. வண்டியைப் பற்றி அங்கே யாரிடமாவது கேட்கலாம் என்றுதான் வரலட்சுமி போனாள்.

கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. மேடைத் திரையில் நாடுகளின் கொடிகள் வரிசையாக வந்தன. நடுவில் சிலி நாட்டுக் கொடி. அதற்குப் பக்கத்தில் தாழைப்பாக்கம் என்று எழுதி, ஊருக்குக் கொடி இல்லாததால் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் படம் போட்டிருந்தார்கள். பாலசுப்ரமணியன் பெருமையாக விளக்கினார். ஊராட்சியில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, டாலருக்கு மாற்றி, நம்மூரில் பொருள் விலை குறைவு என்பதால் நாலால் பெருக்கினால் சிலி நாட்டுக்காரரின் சராசரிக்குச் சமமாக வருகிறது. கைதட்டினார்கள். தேவை தீர்ந்துவிட்ட இப்படிப்பட்ட ஊரிலிருந்து மருத்துவ வண்டியை எடுத்துவிட்டதையும் அவர் சாதனையாகவே சொன்னார்.

வரலட்சுமிக்குக் காது சிவந்தது. அவள் எடுத்துக் கொடுத்த எண்கள். அவள் விரலால் அழுத்திய பதினோராயிரம். அதை மேற்கேயிருந்த ஒன்றரை லட்சங்களோடு ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சின்னையன் சாப்பிட்டது இதுதான் என்கிறார்கள்.

சால்வைக்காக மேடைக்குக் கூப்பிட்டபோது அவள் நேரே மைக்குக்குப் போனாள்.

"சார், நம்மூர்ல வெல கம்மின்னு நாலால பெருக்கினீங்க. அந்த ஊர்க்காரங்க பணத்தயும் அவுங்க ஊர் வெலய பாத்து அதே மாதிரி கணக்குப் போட்டீங்களா?"

பாலசுப்ரமணியன் சிரிக்கப் பார்த்தார். "அது டெக்னிக்கல் விஷயம்மா. தனியா பேசலாம்."

"எல்லா வூட்லயும் ஒரே மாதிரி கேக்கணும்னு எங்களுக்குச் சொன்னது நீங்கதான? உங்க கணக்குல மட்டும் வூட்டுக்கொரு அளவா? இருக்கட்டும். காலனில முந்நூறு வூட்டுக்கும் போனவ நானு. லட்சத்துப் பதினேழாயிரம் வர்ற வூடு அங்க ஒண்ணுகூட கெடையாது. மேற்கால பணத்த எங்க தலைல பிரிச்சு எழுதி, மாத்திரைய நிறுத்திட்டீங்க. எழுதின பணம் எங்க வூட்டுக்கு வந்துச்சா சார்? எங்க தெருவுல ஒரு மனுசனுக்கு ரெண்டு வெரல் போயிருச்சு."

மைக்கை யாரோ அணைத்தார்கள். அவள் சால்வை வாங்காமல் இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் சாலமோன் மெதுவாகத்தான் கேட்டான், அவள் எழுதியதில் ஏதாவது தப்பா என்று.

"நான் எழுதினது ஒவ்வொண்ணும் நெசம்யா. கூட்டி வகுத்ததுலயும் தப்பு இல்ல. அத வெச்சிகினு அவுங்க சொன்னதுதான் பொய்யி" என்றாள். அன்றைக்கு அவள் அழுதாள். அவமானத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரமாகப் பார்த்துப் பதினோரு நாள் காலனியைச் சுற்றினாள். போன மாதத்தைக் கேட்கவில்லை. போன வருஷம் முழுவதையும் கேட்டாள். எத்தனை மாதம் வேலை இல்லை, வீட்டில் யாருக்கு சுகர், கடைசியாக மாத்திரை போட்டது எப்போது. சுகர் இருப்பவர்கள் அறுபத்துநாலு பேர். அவர்களில் நாற்பத்தொரு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

மே தினத்துக் கிராமசபையில் அதைப் படித்தாள். மேற்கேயிருந்து வந்த ஒருவர், இதெல்லாம் முறையான சர்வேயா என்று கேட்டார். முறையான சர்வேயைத்தான் பார்த்தோமே என்று காலனிப் பெண்கள் ஒரே குரலில் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். வாரம் ஒருநாள் செவிலியர் காலனிக்கே வந்து மாத்திரை தரவேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியதோடு விடாமல், தலைவர் கையெழுத்தை அங்கேயே நின்று வாங்கி, நகலைத் தானே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறாவது வாரம் செவிலியர் வந்தார்.

அறக்கட்டளைக்கு அவள் போட்ட கடிதத்துக்கும் பதில் வந்தது. கணக்கு சர்வதேச முறைப்படி சரியானதே, அறிக்கையைத் திருத்தும் எண்ணம் இல்லை என்று நாலு வரி. அடுத்த கணக்கெடுப்புக்கு மற்ற நாலு பேரையும் கூப்பிட்டார்கள், அவளை விட்டுவிட்டார்கள். இப்போது அவள் திருவிடந்தையில் ஒரு கடையில் கணினிமுன் உட்கார்ந்து பில் போடுகிறாள். அறிக்கை அவர்கள் இணையதளத்தில் இன்னும் கொடிகளோடு இருக்கிறது. அதைக் காட்டி இரண்டு பேர் வேறு கட்டுரையும் எழுதிவிட்டார்கள்.

சின்னையனை நாள் முழுக்க நிற்க முடியாதவர் என்று சொல்லித் தோட்டவேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் அவர், அந்தச் சிலி நாடு எந்தப் பக்கம்மா கீது என்று விசாரித்தார். கப்பல்ல போனாலும் மாசக்கணக்கா ஆவும் மாமா என்றாள் வரலட்சுமி. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

புதன்கிழமைதோறும் சமுதாயக்கூடத்தில் செவிலியர் பதினைந்து நாள் மாத்திரை தருகிறார். வரலட்சுமி கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நோட்டோடு நிற்கிறாள். பேர் கூப்பிட்டும் வராதவர்கள் வீட்டுக்கு அவளே நடந்துபோகிறாள், ஏன் வரவில்லை என்று கேட்க.