பட்டுச் சேலையில் ஒரு கடற்கரை நடை

கடல் பார்க்க யாராவது பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போவார்களா?

காரைக்குடியிலிருந்து தொண்டிக்குக் கிளம்பும்போதே எனக்குச் சந்தேகம். அம்மா அக்காவுக்குப் பட்டுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகைப்பூவும் வைத்துவிட்டார். எனக்கு என் பழைய சுடிதார்தான்.

படிப்பு முடியும்வரை மாப்பிள்ளைப் பேச்சே கூடாது என்று அக்கா போன வாரம்தான் அழுதிருந்தாள்.

கடலை ஒட்டிய ஒத்தையடிப் பாதையில் மூன்று பேரும் நடந்தோம். எதிரே ஒரு பெண்மணியும் மீசை வைத்த அவர் மகனும் வந்தார்கள்.

"எங்குட்டு இருந்து வாரீக?" என்று கேட்ட அந்தப் பெண்மணி, பதிலுக்குக்கூட நிற்காமல் எங்களோடு திரும்பி நடந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு முன்னாடி நடம்மா, மணலு சுகமா இருக்கும்" என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். அவர் கண் கடல் பக்கமே போகவில்லை. அக்காவின் காலிலேயே இருந்தது.

பத்தாவதோடு நின்ற எனக்குப் புரிந்துவிட்டது. நர்சிங் படிக்கும் அக்காவுக்குப் புரியவில்லை.

யாரிடமும் வாய் திறக்காத நான் அவள் காதில் சொன்னேன். "உன்னையப் பொண்ணு பார்க்க வந்திருக்காக. நடையைப் பார்க்குறாக."

அடுத்த அடியிலேயே அக்கா நொண்டினாள். பாதை முடியும்வரை நொண்டினாள்.

"காலையில நல்லாத்தானடி நடந்த?" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

"சின்ன வயசுலேருந்தே இப்படித்தானம்மா" என்றாள் அக்கா, சத்தமாக.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். "சின்னவ நல்லா நடக்குதே. வயசென்ன?"

"பத்தொன்பது" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் சொன்னது: "நாளைக்குக் குன்றக்குடி மலைக்குப் போறோம். அக்கா பட்டுச் சேலையை நீ கட்டிக்க."

படியேறும்போது எந்தக் காலில் நொண்டினால் நம்புவார்கள்? தெரிந்தவர்கள் இன்றைக்குள் சொல்லுங்கள்.