திங்கட்கிழமை கிடைத்த சர்க்கரைப் பொங்கல்

போன கார்த்திகை மாதம் என் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது. எம்.எஸ்சி. கணிதம், கடைசி வருடம். கணக்கைப் பார்த்ததுமே வழி தெரிந்துவிடும் எனக்கு, எத்தனை முறை படித்தாலும் ஒரு பத்திகூடத் தலையில் ஏறவில்லை. இந்த செமஸ்டர் தேறாவிட்டால் படித்தது போதும், ஊருக்கே, கீழ்பென்னாத்தூருக்கே வந்துவிடு என்று அப்பா சொல்லிவிட்டார். பயத்தில் அழுதேன்.

யாரிடம் போவேன்? அண்ணாமலையாரிடம்தான் போனேன். புத்தியைத் திருப்பிக் கொடுங்கள் என்று திங்கட்கிழமைதோறும் சோமவார விரதம் இருந்தேன். தெளியவில்லை. பக்தி போதவில்லை போலிருக்கிறது என்று வெள்ளி, பிரதோஷம், பௌர்ணமி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டேன். மற்ற நாட்களை டீயிலேயே ஓட்டினேன். வெறும் வயிற்றோடு கிரிவலம் சுற்றிவிட்டு, தூங்காமலே வகுப்புக்குப் போனேன். தலை இன்னும் மந்தமானது. நானோ அடுத்த விரதத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தங்கிப் படிக்கும் வேங்கிக்காலில் என்னோடு ஒரே அறையில் இருப்பவள் மும்தாஜ், என் வகுப்புத் தோழி. அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. நேரத்துக்குச் சாப்பிடுவாள். போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். விடியலில் தொழுதுவிட்டுப் படிக்க உட்காருவாள். ஒருமுறை படித்தால் போதும், அப்படியே மனதில் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை படியிறங்கும்போது எனக்குக் கண் இருட்டியது. மும்தாஜ்தான் பிடித்து உட்காரவைத்தாள்.

"நாங்களும்தான் நோன்பு வெக்கறோம். விடியறதுக்கு முன்னாடி சாப்டுட்டு வெப்போம், சாயந்தரம் நோன்பு திறந்ததும் சாப்டுவோம். நீ எப்பதான்டி சாப்டற?"

"விரதத்தை விட்டா சாமி கோச்சுக்குவாருடி."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப அவருகிட்டயே கேட்டுட்டு வா. நானும் கூட வரேன்" என்றாள்.

கோபுரத்துக்கு வெளியே என் செருப்பைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றாள். நான் சன்னதியில் கைகூப்பி, சாப்பிடலாமா சாமி என்று கேட்டேன். பிரகாரத்துக்கு வந்தால், ஒரு அம்மா வேண்டுதலுக்காகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டவில்லை.

"புடிம்மா, முகமே வாடிப்போயிருக்குது. சூடா இருக்கும்போதே சாப்டு" என்று தொன்னையை அவரே என் கையில் வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அழுதுகொண்டே அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு மும்தாஜ் சாப்பிடும் நேரம்தான் எனக்கும் சாப்பாட்டு நேரம். அவள் படுத்தால் நானும் படுப்பேன். என் போனும் அவள் அலமாரிக்குள் போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்குகள் பிடிபட்டன. தேர்வில் தேறினேன். அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அண்ணாமலையார் என்னைக் கைவிடவில்லை. கஷ்டம் வந்தால் நீங்களும் அவரிடமே கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் அவரைக் கும்பிடாதவராகக்கூட இருக்கலாம். வந்தவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.